மெல்வின் வீட்டு அறுபது டிகிரி

ஆர்டிஸ் நைகார்டுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எங்கள் ஊர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தோரு வருஷமாகப் போன் எடுக்கிற வேலை. நாற்காலி வேலை என்று பேர்தான். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு வயர் எட்டுகிற தூரம் வரை நடப்பாள், காபிக் கோப்பையைத் துடைப்பாள், ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டுவாள். வாய் மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்கிற கேள்விகளும் அப்படித்தான் இருக்கும்.

"ஆர்டிஸ், மச்சுக்குள்ள அணில் புகுந்து வயரைக் கடிச்சு வெச்சிருக்கு. பாலிசில கிடைக்குமா?"

"கிடைக்காது. அணில், எலி, பூச்சி எதுக்கும் கிடைக்காது. அந்த வயரால தீப்பிடிச்சா தீக்குக் கிடைக்கும்."

"அப்போ தீப்பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா?"

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்றேன், ரூடி."

அடுத்த போன், பக்கத்து வீட்டு மரம் விழுந்து நொறுங்கிய ஷெட். அவன் மரம்தானே, அவன் பாலிசிதானே கொடுக்க வேண்டும்? இல்லை. ஷெட் யாருடையதோ அவர் பாலிசிதான். அதற்கடுத்து, உறைந்த ஏரி மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசை மார்ச் கடைசியில் ஐஸ் உடைந்து உள்ளே போன கதை. "வெயில் அடிக்க ஆரம்பிச்ச பிறகும் அதை ஐஸ் மேல விட்டு வெச்சியே, அதுக்கு பாலிசில பேரே கிடையாது. வேற ஒரு பேர் இருக்கு, என் வாயால சொல்லமாட்டேன்" என்பாள்.

மின்னசோட்டாவின் மேற்கு ஓரத்தில் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயல்களுக்கு நடுவே கிடக்கிற ஹால்வர் என்ற ஊரில் அறுநூறு பேர் இருக்கிறோம். எங்கள் அத்தனை பேர் கூரையும் புகைபோக்கியும் அவளுக்கு மனப்பாடம். தெருவில் போகும்போது ஆள் முகத்தைப் பார்க்கமாட்டாள், கூரையைப் பார்ப்பாள்.

அதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது அப்பாவின் பண்ணை வீடு எரிந்தது. பாலிசி இருந்தது. புகைபோக்கியைத் தானே பிரித்துக் கட்டியிருந்ததை அவர் கம்பெனியிடம் மறைத்துவிட்டார். கேட்டபோது, பழையதுதான் என்று சாதித்தார். கட்டினதைச் சொல்லியிருந்தால் பணம் கிடைத்திருக்கும். மறைத்தது வெளியே வந்ததால் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆறு பேர் இரண்டு குளிர்காலம் ஒரு தகர டிரெய்லரில் கிடந்தார்கள். காலையில் எழுந்தால் தலைமுடி சுவரோடு ஒட்டி உறைந்திருக்கும் என்று ஆர்டிஸ் சொல்வாள். அதிலிருந்துதான் அவளுக்கு இரண்டு குணம் வந்தது. ஒன்று, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இன்னொன்று, பொய் ஆகாது.

புருஷன் வெண்டலோ நேர்மாறு. தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், நிதானமானவன். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. யாருக்கு எது உடைந்தாலும் கூப்பிடாமலே ஸ்பானரோடு வந்து நிற்பான். ஒரே ஒரு கோளாறுதான். சூட்டுக் குமிழைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. சுவரில் தெர்மோஸ்டாட் தெரிந்தால் போதும், பேசிக்கொண்டே போய் நாலு டிகிரி குறைத்துவிடுவான். சொந்த வீடு, அடுத்தவர் வீடு என்ற பேதம் இல்லை. சர்ச்சுக்கு அடியில் இருக்கிற அடித்தளக் கூடத்தில் கல்யாண விருந்து நடந்துகொண்டிருக்கும், பெண்கள் ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். "வெண்டல் வந்தாச்சு" என்பார்கள். கடைசியில் சர்ச்சில் அந்தக் குமிழுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போட்டுப் பூட்டினார்கள். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஆளைத் திருத்தமாட்டோம், பெட்டி போட்டுவிடுவோம்.

நவம்பர் பிறந்தால் எங்கள் ஊர் வயசானவர்களில் பாதிப் பேர் வெயிலைத் தேடி அரிசோனாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுச் சாவியை ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் அடுக்களைச் சுவரில் ஒரு பலகை, பலகையில் பதினோரு ஆணி, பதினோரு சாவி. வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வீடாகப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், குமிழ் அறுபதில் இருக்கிறதா என்று பார்ப்பாள். எங்கள் கணக்கில் முப்பத்திரண்டு டிகிரியில் தண்ணீர் கல்லாகிவிடும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது போகிற ஊரில், ஆளில்லாத வீட்டுக்கு அறுபது வேண்டும்.

பாலிசியில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. போகிற ஒவ்வொருவருக்கும் அவள் அதை ஒப்பிப்பாள். "ஒண்ணு, வீட்டுல ஒழுங்கா சூடு வெச்சுட்டுப் போகணும். இல்லேன்னா தண்ணிய அடைச்சு, குழாயை வடிச்சுட்டுப் போகணும். ரெண்டும் பண்ணாம குழாய் வெடிச்சா ஒரு சென்ட் தேறாது." பக்கத்து வீட்டு மெல்வின் லிண்ட்க்விஸ்ட் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன். "பாதிரியார் ஜெபத்தைக்கூட மறந்துடுவேன், இதை மறக்கமாட்டேன். அறுபதுல வெச்சிருக்கேன், தாயே" என்று கும்பிடாத குறையாகச் சாவியைக் கொடுத்துவிட்டு, மனைவி யூனிஸை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

டிசம்பர் பத்தாம் தேதி ஆர்டிஸ் தபால் பெட்டிக்குப் போகும்போது ஐஸில் வழுக்கி விழுந்தாள். இடது கணுக்கால் முறிந்தது. வண்டி ஓட்டலாம், பனியில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு சாவியும் வெண்டல் கைக்குப் போயின.

ஒவ்வொரு முறை அவன் திரும்பி வரும்போதும் அவள் வாசலிலேயே நிற்பாள்.

"எல்லா வீட்டுலயும் குழாய் தொறந்து பாத்தியா?"

"ம்."

"குமிழ் பாத்தியா?"

"பாத்தேன்."

பார்த்தான், பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி காலை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. பக்கத்து வீட்டுக்குப் போன வெண்டல் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். ஈரப் பூட்ஸோடு நேராக அடுக்களைக்குள் வந்து நின்றான். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவன் அப்படிப் பூட்ஸோடு வந்ததே இல்லை.

"மெல்வின் வீட்டுல தண்ணி" என்றான். "மாடிக் குழாய் வெடிச்சு, அடுக்களை உள்கூரை இடிஞ்சு விழுந்து கிடக்கு. மெயின் குழாயை அடைச்சுட்டேன்."

ஆர்டிஸ் முறிந்த காலையும் மறந்து எழுந்துவிட்டாள். கட்டுக்கால் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வெண்டலின் தோளைப் பிடித்தபடி போய்ப் பார்த்தாள். யூனிஸின் அடுக்களை பாழாகிக் கிடந்தது. தரைப்பலகை உப்பிப் போயிருந்தது. அலமாரிக் கதவுகள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. நடுவே மேஜை மேல் கூரைச் சுண்ணாம்பு. வேலை தெரிந்தவள் ஆயிற்றே, கை தானாக ஓடியது. எல்லாவற்றையும் படம் பிடித்தாள். எதையும் தூக்கி எறியாதே என்று வெண்டலிடம் சொன்னாள். அப்புறம் அரிசோனாவுக்குப் போன் போட்டாள்.

மெல்வினும் எல்லோரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டான்.

"கிடைக்குமா, ஆர்டிஸ்?"

"அறுபதுல வெச்சுட்டுத்தானே போன? உன் மேல தப்பு இல்லேன்னா உனக்கு ஏன் பயம்? கிடைக்கும்."

முப்பத்தோரு வருஷத்தில் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் 'கிடைக்கும்' என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். குமிழ் அறுபதில்தான் இருந்தது. வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது.

மறுநாள் கம்பெனி சர்வேயர் ஃபார்கோவிலிருந்து வந்தாள். டெனீஸ் என்று பேர், ஐம்பது வயசு, சிரிக்கிற ஜாதி இல்லை. வீட்டைச் சுற்றி வந்தாள், பின்பக்கம் ஃபர்னஸுக்கான காஸ் டாங்கி மூடியைத் திறந்து அளவு முள்ளைப் பார்த்தாள், ஏதோ எழுதிக்கொண்டாள். பிற்பகல் ஆபீஸில் ஆர்டிஸ் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஃபர்னஸ்ல ஒரு கோளாறும் இல்ல. அந்த டாங்கிய டிசம்பர் இருபதாம் தேதி நிரப்பியிருக்காங்க. இந்தக் குளிர்ல அறுபதுல ஓடியிருந்தா பாதிக்குக் கீழ போயிருக்கணும். அது சரியா இறங்கவே இல்ல."

"குமிழ் அறுபதுல இருந்துச்சே."

"இப்போ இருக்கு. ஒரு மாசமா இல்ல. யாரோ குறைச்சு வெச்சு, தண்ணி வந்த பிறகு ஏத்தியிருக்காங்க." டெனீஸ் பேனாவை மூடினாள். "வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடிக்கக் குறைச்சிட்டுப் போயிருப்பார். நீங்க போன் பண்ணதும் யாரையாவது விட்டு ஏத்தச் சொல்லியிருப்பார். இப்படி எத்தனையோ பாத்தாச்சு. திங்கக்கிழமை அவர் வரட்டும், வாக்குமூலம் எழுதி வாங்கிட்டு முடிச்சிடலாம்."

முடிச்சிடலாம் என்றால் ஒன்றும் கிடையாது என்று அர்த்தம். எழுபத்துநாலு வயசில் மெல்வினும் யூனிஸும் அந்த வீட்டைக் கைக்காசு போட்டுத் தூக்கி நிறுத்த முடியாது. விற்கலாம் என்றால் இடிந்து ஈரமாகக் கிடக்கிற வீட்டை யார் வாங்குவார்?

யார் குறைத்தார் என்று ஆர்டிஸுக்கு டெனீஸ் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. யார் குறைத்தாரோ அதைப் பொறுத்துத்தான் எல்லாமே என்பதும் தெரியும். மெல்வின் குறைத்திருந்தால் பணம் இல்லை. அவன் அறுபதில் வைத்துவிட்டுப் போய், அவனுக்குத் தெரியாமல் வேறொருவர் குறைத்திருந்தால் பணம் உண்டு. ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவள் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

நாலு நாள் அவள் தவித்த தவிப்பு இருக்கிறதே! நிற்பாள், நடப்பாள், துணி மடிப்பாள், மடித்ததையே மறுபடி மடிப்பாள். கேட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் ஊரைப் பற்றித் தெரியாமல் நினைக்கிறீர்கள். நாங்கள் நேராக எதையும் கேட்கமாட்டோம். கேட்டால் பதில் வந்துவிடுமே! வந்த பதிலை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்வது? வெண்டல் பேர் ஊர் முழுக்க நாறும். சாவி அவளை நம்பிக் கொடுத்தது, ஆபீஸில் வேலை போனாலும் போகும். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெண்டலும் வீடு தங்கவில்லை. விடிந்தால் மெல்வின் வீட்டில் இருப்பான். ஈரக் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கினான், வாடகைக்கு ஃபேன் வாங்கி வந்து அடித்தளத்தைக் காயவைத்தான், அலமாரியைக் கழற்றித் தன் கராஜில் வைத்தான். மெல்வினும் யூனிஸும் மூன்று நாள் வண்டி ஓட்டி ஊர் வந்து சேர்ந்து, சர்ச் விருந்தினர் அறையில் தங்கினார்கள். அன்றைக்கே வெண்டல் கொத்துக்கறி மேல் உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்த ஹாட்டிஷ் ஒன்றைத் தட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தான். மறுநாளும் கொடுத்தான். எங்கள் ஊரில் 'என்னை மன்னிச்சுடு' என்பதைச் சட்டியில் போட்டு, மேலே தாள் மூடித்தான் கொடுப்போம். யூனிஸ் வாங்கி வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி, வெண்டல்" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஆர்டிஸ் மெல்ல ஆரம்பித்தாள்.

"காஸ் டாங்கி இறங்கவே இல்லையாம்."

"ம்."

"டெனீஸ் சொன்னா."

"காபி இருக்கா?" என்றான் வெண்டல்.

அவள் காபி ஊற்றினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று கோப்பையை ணங்கென்று வைத்தாள். அவன் குடித்துவிட்டு எழுந்து ஃபேன் பார்க்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெல்வினும் யூனிஸும் ஆபீஸுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்திருந்தான் மெல்வின். டெனீஸ் மேஜைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஆர்டிஸ் நாலடி தள்ளித் தன் இடத்தில் நின்றபடி, ஏற்கனவே அடுக்கியிருந்த உறைகளை மறுபடி அடுக்கினாள்.

"நான் போன்ல கேட்டப்போ அறுபதுன்னு சொன்னீங்க" என்றாள் டெனீஸ்.

மெல்வின் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். நான்தான் குறைச்சேன். நாப்பத்தஞ்சுல வெச்சுட்டுப் போனேன்."

உறைகள் ஆர்டிஸின் கையை விட்டு நழுவின.

"அப்போ அறுபதுக்கு ஏத்தினது யாரு?"

"தெரியல. வயசாயிடுச்சு, எல்லாம் மறந்துபோகுது."

யூனிஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை.

மெல்வினுக்கு எல்லாம் தெரியும் என்று ஆர்டிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் கேட்ட அன்றே தெரிந்திருக்கும். இருபது வருஷத்துக்கு முன் அவனுக்கு இதய ஆபரேஷன் ஆனபோது, அவன் வயலில் கோதுமை முற்றி உதிர்கிற நிலையில் நின்றது. கிடங்கில் லீவு போட்டு, எட்டு அறுவடை இயந்திரங்களைத் திரட்டி, இரண்டே நாளில் முன்னூறு ஏக்கரை வெட்டிக் கொடுத்தவன் வெண்டல். அந்த வெண்டல் பேரைச் சொல்வதைவிட வீடே போகட்டும் என்று இந்த மனுஷன் பச்சைப் பொய் சொல்கிறான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்.

"டெனீஸ்" என்றாள் ஆர்டிஸ். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இன்னும் கையெழுத்து வாங்காதீங்க. பத்து நிமிஷம் குடுங்க. காபி அந்த மூலையில இருக்கு."

பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தாள். மெல்வின் வீட்டு அடித்தளப் படியில் கட்டுக்காலோடு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கீழே நாலு ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. வெண்டல் முதுகைக் காட்டிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெண்டல், குமிழைக் குறைச்சியா?"

"ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அவள் நாலு ஃபேன் வயரையும் ஒரே பிடியாகப் பிடுங்கினாள். அடித்தளம் அமைதியாயிற்று.

"குறைச்சியா?"

"குறைச்சேன்."

"ஏன்? ஏன்டா இப்படிப் பண்ணித் தொலைச்ச?" நாற்பத்திரண்டு வருஷத்தில் அவனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"யாரும் இல்லாத வீடு, ஆர்டிஸ். சோபாவுக்கா குளிரப் போகுது? மெல்வின் வந்து காஸ் பில்லைப் பாத்துட்டுச் சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். நல்லதுதானேன்னு பண்ணினேன்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "தண்ணியப் பாத்ததும் கை தானா ஏத்திடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த யூனிஸ் முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?"

"மெல்வின் அங்க உக்காந்து, நான்தான் குறைச்சேன்னு சொல்லிட்டிருக்கான்."

வெண்டல் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டான். "அவன் ஏன் சொல்றான்?"

"உன்னைக் காட்டிக்குடுக்க அவனுக்கு வாய் வரல. சர்ச்சுல எதுக்குப் பெட்டி போட்டாங்கன்னு நெனச்ச? ஊருக்கே தெரியும், மனுஷா. நீ வாய் தொறக்கலேன்னா அவன் வீடு போச்சு. எங்கப்பா வீடு போனது தீயால இல்ல, வாயால. எந்திரி."

அவன் எழுந்தான்.

இருவரும் ஆபீஸுக்குள் நுழைந்ததும் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஆறாவது ஆள் முதலாளி டுவெய்ன். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்திருந்தான். வெண்டல் தொப்பியைக் கழற்றினான். மெல்வின் தரையைப் பார்த்து, "வெளிய குளிர் எப்படி, வெண்டல்?" என்று கேட்டான். "பரவாயில்ல. காத்து இல்ல" என்றான் வெண்டல்.

பிறகு அவன் செய்ததை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் சுவர் ஓரமாக இரண்டடி நகர்ந்தான். அங்கே ஆபீஸ் தெர்மோஸ்டாட் எழுபத்திரண்டில் இருந்தது. அவனுக்கே தெரியாமல் கை மேலே போயிற்று, குமிழைப் பிடித்தது, திருகியது.

"கையை எடு, வெண்டல்!"

யூனிஸ்தான். எழுந்து நின்று கத்தினாள். "அந்தக் குமிழ விட்டுக் கையை எடு! சர்ச்சுல குறைச்ச, கல்யாணத்துல குறைச்ச, எங்கக்கா சவ அடக்கத்துல, பெட்டி நடுவுல இருக்கும்போதே குறைச்ச! ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? என் அடுக்களையப் போய்ப் பாரு! எங்கம்மாவோட மேஜை! என் புருஷன் உனக்காகப் பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கான், நீ ஹாட்டிஷ் கொண்டாந்து குடுக்குற! உன் ஹாட்டிஷ்ல உப்பும் இல்ல!"

எங்கள் ஊரில் ஒரு ஆபீஸுக்குள் யாரும் அப்படிக் கத்தியதில்லை. டுவெய்ன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெண்டலின் கை குமிழிலேயே இருந்தது, காது நுனி வரை சிவந்துவிட்டது.

"நான்தான்" என்றான். "டிசம்பர் பன்னெண்டு. அறுபதுலதான் இருந்துச்சு. நான்தான் நாப்பத்தஞ்சு ஆக்கினேன். அவங்ககிட்டக் கேக்கல. ஆர்டிஸ்கிட்டயும் பொய் சொன்னேன். தண்ணியப் பாத்துட்டு மறுபடி ஏத்தினேன். மெல்வின், மன்னிச்சுடு. யூனிஸ், மன்னிச்சுடு."

யூனிஸ் உட்கார்ந்து அழுதாள்.

டெனீஸ் அந்தக் குமிழையும் அதன்மேல் இருந்த கையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, புதுக் காகிதம் ஒன்று எடுத்தாள்.

"மிஸ்டர் லிண்ட்க்விஸ்ட், நீங்க முன்ன சொன்னது எனக்குச் சரியா காதுல விழல. முதல்ல இருந்து சொல்றீங்களா? நிஜத்தை மட்டும்."

மெல்வின் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான். "அறுபதுல வெச்சேன். சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஏப்ரலில் பணம் வந்தது, முழுசாக. கம்பெனி விடுமா? கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வெண்டலுக்குக் கடிதம் போட்டது. அதற்கும் வழி இருந்தது. அடுத்தவருக்கு நாம் அறியாமல் செய்கிற சேதத்துக்கு நம் வீட்டுப் பாலிசியிலேயே ஒரு பகுதி உண்டு. அது எதற்குத் தண்டச் செலவு, எடுத்துவிடு என்று வெண்டல் வருஷா வருஷம் நச்சரிப்பான். ஆர்டிஸ் எடுத்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டாள், எடுக்கவும் மாட்டாள். அந்தப் பகுதியிலிருந்தே கம்பெனிக்குப் பணம் போயிற்று. பாலிசியின் அந்தப் பக்கத்தை அவன் முன்னால் வைத்து, "தண்டச் செலவுன்னியே, படி" என்றாள். அவன் இரண்டு தடவை படித்தான்.

ஆனால் அவளும் தப்பவில்லை. ஆபீஸ்காரி வாடிக்கையாளர் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வதாவது, அதையும் வேறொருத்தன் கையில் கொடுப்பதாவது என்று கம்பெனியிலிருந்து ஒரு கண்டனக் கடிதம். டுவெய்ன் கெஞ்சிக் கூத்தாடியதால் வேலை பிழைத்தது. பதினோரு சாவியையும் திருப்பிக் கொடுத்தாள். பலகை காலியாக, ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. கழற்றிவிடலாம் என்று இரண்டு தடவை சுத்தியலை எடுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

மறுபடி நவம்பர் வந்தது. ஒரு காலை மெல்வினும் யூனிஸும் வந்து அடுக்களையில் நின்றார்கள். வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்டக் குடுக்கக் கூடாது, மெல்வின். ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் ஆர்டிஸ்.

"உன்கிட்ட யாரு குடுத்தா?" மெல்வின் சாவியை வெண்டல் முன்னால் மேஜையில் வைத்தான். வெண்டல் அதைத் தொடவில்லை.

"எடு" என்றாள் யூனிஸ். "குமிழுக்கு சர்ச்சுல இருக்கிற மாதிரியே பெட்டி போட்டுப் பூட்டியாச்சு. பெட்டிச் சாவி இதோ." கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள். "இது அரிசோனா போகுது." எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் பாதிச் சிரிப்புச் சிரித்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வாரத்துக்கு இரண்டு தடவை போகவில்லை, தினம் இரண்டு தடவை போனான். ஜனவரி நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு இறங்கியது. வடக்கிலிருந்து காற்று வேறு. மத்தியானம் இரண்டாவது தடவையாகக் கிளம்பினான். ஆர்டிஸுக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, கூடவே போனாள். வெண்டல் மாடிக் குழாயைத் திறந்தான், மூடினான். சுவரில் கையை வைத்துப் பார்த்தான். கீழே வந்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அறுபது. மறுபடி மாடிக்குப் போனான். நாலாவது தடவை இறங்கி வந்தபோது போனை எடுத்தான்.

"யூனிஸ், வெண்டல் பேசறேன். இல்ல, ஒண்ணும் ஆகல. அறுபதுதான். ஆனா வடக்குச் சுவர் ரொம்பச் சில்லுனு இருக்கு. எனக்கு மனசே கேக்கல." பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அறுபது பத்தாது. ஏத்தணும், யூனிஸ். அறுபத்தெட்டாவது வெக்கணும். பெட்டிய உடைக்கட்டுமா?"

அடுக்களை முழுக்கக் கேட்கிற மாதிரி யூனிஸ் மறுமுனையிலிருந்து சொன்னாள்.

"எதுக்கு உடைக்கிற, முட்டாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி ஆணியில இன்னொரு சாவி தொங்குது பாரு. போகும்போதே உனக்குன்னுதான் மாட்டிட்டு வந்தேன்."

வெண்டல் டப்பாவை நகர்த்தினான். சாவி இருந்தது. பெட்டியைத் திறந்தான். குமிழை அறுபத்தெட்டுக்குத் திருகினான். கீழே ஃபர்னஸ் உறுமி எழுந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

ஆர்டிஸ் யூனிஸின் புது அடுக்களை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கோட்டோடு உட்கார்ந்தாள். வீடு சூடேறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.